வளைவுக்கு ஒரு காதலி

தமிழ்நாட்டில் ஒருவன் சும்மா கற்பனை செய்து ஒரு பாட்டு எழுதிவிட முடியாது. நிலா என்று எழுதினால், அந்த நிலா எந்தத் தெருவில் குடியிருந்தாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், கடைசியாக எந்தப் படத்தில் நடித்தாள் என்று கேட்டு ஒரு கூட்டம் வாசலில் வந்து நிற்கும். மழை என்று எழுதினால் எவன் வீட்டுக் கூரை ஒழுகியது என்று துப்புத் துலக்கும். கடவுளே என்று எழுதினால், கடவுள் என்பது இங்கே சங்கேதம், உண்மையில் அது ஒரு வட்டச் செயலாளர் என்று வழக்கை முடித்துவைக்கும். ஸ்காட்லாந்து யார்டில் இல்லாத ஆள்பலம் நம் ரசிகர் கூட்டத்தில் இருக்கிறது. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, வெட்கமும் கிடையாது.

இந்தப் படைக்கு ஒரு பிரதிநிதி வேண்டும். அவருக்குத் 'தகவல் திலகம்' என்று நானே பட்டம் சூட்டிவிடுகிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், தேட வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு பழைய பாட்டு கேட்டால் போதும், கையை உயர்த்தி எல்லாரையும் அமைதிப்படுத்துவார். பாட்டைக் கேட்பதற்காக அல்ல, பாட்டுக்கு மேலே பேசுவதற்காக. "இது யாரை நெனச்சு எழுதுனது தெரியுமுங்களா?" என்று ஆரம்பிப்பார். தெரியாது என்றால் சொல்லுவார். தெரியும் என்றால், "அதெல்லாம் வெளியில சொல்றது, உள்ள வேற சமாச்சாரம்" என்று இன்னும் விரிவாகச் சொல்லுவார். தப்பிக்க வழியில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் திலகத்தின் கச்சேரி களைகட்டும். காரணம் இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்தச் சாலையோரம்தான் இருந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இந்தக் கம்பெனி எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இந்தக் கம்பெனி எடுத்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளிய தொழிற்சாலை. கருணாநிதி இங்கே வசனம் எழுதினார். கண்ணதாசன் இங்கே கதை இலாகாவில் சம்பளம் வாங்கினார், இந்தக் கம்பெனி நடத்திய 'சண்டமாருதம்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். இது போதாதா? கவிஞர் சேலத்தில் இருந்தார். சேலத்துக்கு மேலே மலை இருக்கிறது. மலையில் லேடீஸ் சீட் என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. லேடீஸ் சீட் என்றால் அங்கே ஒரு லேடி இருந்திருக்க வேண்டும். ஆகவே கவிஞரின் அத்தனை காதல் பாட்டுக்கும் நாயகி அகப்பட்டுவிட்டாள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, திலகம் அந்த முடிச்சில் பூவும் வைத்துவிடுவார்.

முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் சிவகாமி வந்துவிடுவாள். 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்தில் காதலி, சிவகாமியின் மகனுக்குச் சேதி அனுப்பும் பாட்டு ஒன்று உண்டு. காமராசரின் தாயார் பெயர் சிவகாமி. முடிந்தது. தி.மு.க.வை விட்டு வந்த கவிஞர், காங்கிரசில் சேரத் துடித்து, காமராசருக்குப் பாட்டில் தூதுவிட்டார் என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழன் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் சீதனம். பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், பண்பலையில் சொல்கிறார்கள், பேரப்பிள்ளைக்குச் சோறூட்டும்போது சொல்கிறார்கள்.

ஒருவராவது காலண்டரைத் திருப்பினாரா? கண்ணதாசன் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டது 1961. இருவரும் சேர்ந்து கண்ட தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசோடு இணைந்தது 1964. படம் வந்தது 1967. ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்து மூன்று வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதர், வாசலில் நின்று உள்ளே வரட்டுமா என்று பாட்டுப் பாடியிருக்கிறார்! அதுவும் தந்தி அலுவலகமும் டிரங்க் காலும் இருந்த நாட்டில், ஒரு தயாரிப்பாளரின் பணத்தைச் செலவழித்து, கதாநாயகியை ஆடவிட்டு. காமராசர் அதைப் பார்க்க டிக்கெட் வாங்கித் தியேட்டருக்குப் போயிருக்க வேண்டும். அந்த ஆண்டுதான் அவர் விருதுநகரில் தோற்றார். தூது வந்தால் படித்துப் பார்க்கும் மனநிலையில் இருந்திருப்பார், பாவம்.

இதைத் திலகத்திடம் சொல்லிப் பாருங்கள். "அப்ப வேற ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்குமுங்க" என்பார். கதை தோற்காது. தேதி இடித்தால் தேதியை நகர்த்துவார், கட்சி இடித்தால் கட்சியை நகர்த்துவார். கடைசிவரை நகராதது அவர் மட்டும்தான்.

அடுத்த வளைவில் அண்ணன். 'பழநி' (1965) படத்தில் அண்ணன் தம்பி உறவே பொய் என்று வெதும்பும் பாட்டு. கவிஞர் பணக் கஷ்டத்தில் அண்ணன் ஏ.எல். சீனிவாசனிடம் கைநீட்டினாராம், அண்ணன் இல்லை என்றாராம், அந்தச் சூட்டில் பிறந்ததாம். பீம்சிங் எடுத்த அந்தப் படத்தின் கதையே, பாசம் வைத்த அண்ணனைத் தம்பிகள் கைவிடுவது. அந்தக் கட்டத்தில் அந்தப் பாட்டைத் தவிர வேறு எதை எழுதுவது? மாம்பழ வருணனையா? கதை கேட்ட பாட்டைக் கவிஞர் கொடுத்தார். ஆனால் திலகத்துக்குக் கதை வேண்டாம், கடன் பாக்கி வேண்டும். ஏ.எல்.எஸ். என்பவர் ஒரு தயாரிப்பாளர், 'திருடாதே' போன்ற படத்தை எடுத்தவர், தமிழ்த் திரைத்தொழிலில் பெரிய புள்ளி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே அடையாளம், தம்பிக்குப் பணம் தராத அண்ணன். அன்று இரண்டு பேருக்கு நடுவே என்ன நடந்ததோ, நடக்கவே இல்லையோ, எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பு எழுதி, ஒவ்வொரு முறை ரேடியோவில் பாட்டு வரும்போதும் தண்டனையை நிறைவேற்றுகிறோம். கொலைக் கைதிக்குக்கூட கருணை மனு உண்டு. பாட்டில் மாட்டியவனுக்குக் கிடையாது.

ஒரு சினிமாப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று திலகத்துக்குத் தெரியாமலில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லை. இயக்குநர் கட்டத்தைச் சொல்லுவார். எம்.எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டைப் போட்டுத் தத்தகாரம் பாடுவார். அந்தச் சந்தத்துக்குள் நேரும் நிரையும் பிசகாமல் கவிஞர் வாயால் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உதவியாளர் எழுதிக்கொள்வார். பஞ்சு அருணாசலம் அப்படி எழுதிப் பழகி வளர்ந்தவர். ஒரு பல்லவிக்குப் பல பல்லவி வரும். பிடிக்கவில்லை என்றால் மாற்று, சொல் இடித்தால் மாற்று, தணிக்கை இடிக்கும் என்றால் மாற்று. தயாரிப்பாளர் தலையசைக்க வேண்டும், இயக்குநர் தலையசைக்க வேண்டும், நாயகனும் தலையசைக்க வேண்டும். இத்தனை தலைகள் அசைந்து ஒப்புதல் முத்திரை குத்திய ஒன்றுக்குத்தான் 'கவிஞரின் அந்தரங்கக் கடிதம்' என்று பெயர். உலகத்திலேயே கமிட்டி போட்டு, ஆர்மோனியம் வைத்து, டீ காபி செலவை இன்னொருவன் கணக்கில் எழுதிக் காதல் கடிதம் தீட்டியவன் தமிழ்க் கவிஞன் ஒருவன்தான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1949இல் 'கன்னியின் காதலி'யில் முதல் பாட்டு. 1981இல் சிகாகோவில் மறைவு. இடையில் ஏறத்தாழ 5000 திரைப்பாட்டு என்று சொல்கிறார்கள். அத்தனையும் சொந்த அனுபவம் என்றால் இரண்டேகால் நாளைக்கு ஒரு காதல் முறிந்திருக்க வேண்டும், நடுநடுவே அண்ணனோடு சண்டை, தலைவரோடு பிணக்கு, தாலாட்டுப் பாட ஒரு பிள்ளை, ஒப்பாரி வைக்க ஒரு சாவு. மனிதர் எப்போது குளித்தார்?

இதில் கொடுமை என்னவென்றால், எதையும் மறைக்காத ஆளைப் பிடித்து இவர்கள் மறைபொருள் தேடுகிறார்கள். 'வனவாசம்' என்று ஒரு புத்தகம் எழுதித் தன் பலவீனங்களையும் போன இடங்களையும் ஏமாந்ததையும் ஏமாற்றியதையும் அச்சில் ஏற்றிக் கடையில் விற்ற மனிதர் அவர். அரசியல்வாதி என்றால் பேர் சொல்லித் திட்டுவார், அடுத்த வருஷம் பேர் சொல்லிப் பாராட்டுவார். அப்படிக் கவிஞர் வாரித் தூற்றிய எம்.ஜி.ஆர்.தான் 1978இல் அவரை அரசவைக் கவிஞர் ஆக்கினார். திட்ட வேண்டியதை மேடையில் திட்டியவனுக்கு, பாட்டுக்குள் ஒளிந்து திட்ட என்ன தலையெழுத்து? புத்தகம் இருக்கிறது, வாங்கிப் படிக்கலாம். ஆனால் படிப்பதற்குக் கண் வலிக்கும். வதந்திக்கு வாய் போதும்.

இந்தத் துப்பறிவாளர்களின் நேர்மையைச் சோதிக்க ஏற்காட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'மந்திரி குமாரி' (1950), மாடர்ன் தியேட்டர்ஸ் படம், எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கியது, பாட்டு மருதகாசியும் கா.மு. ஷெரீபும். கணவன் மனைவியை நயமாகப் பாடி மலையுச்சிக்கு அழைத்துப் போவான், உருட்டிவிட்டுக் கொல்வதற்கு. கடைசியில் அவள் அவனைத் தள்ளிவிடுவாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அந்த உச்சி இந்த மலைதான் என்று ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் பெருமையோடு சொல்லுவார்கள். சரி, பாட்டெல்லாம் எழுதியவனின் சொந்தக் கதைதானே? அப்படியானால் அந்தப் பாட்டை எழுதியவர் எந்தப் பெண்டாட்டியை எந்தப் பாறையிலிருந்து தள்ளத் திட்டமிட்டார்? எந்தப் போலீஸ் நிலையத்தில் வழக்குப் பதிவானது? எழுபத்தைந்து வருஷமாக ஒரு திலகமும் கேட்கவில்லை. கொலை என்றால் கற்பனை, காதல் என்றால் வாக்குமூலம். பாட்டில் வரும் திருடனைப் பார்த்துக் கவிஞர் திருடினார் என்று சொல்லமாட்டார்கள். பாட்டில் ஒரு பெண் தலைமுடியை ஒதுக்கினால் போதும், யார் அவள் என்று நாக்கைத் தொங்கப்போட்டு வருவார்கள். தேடுவது உண்மையை அல்ல, பெண்ணை.

பாரதிக்கும் இதே கதிதான். கண்ணம்மா யார் என்று ஒரு நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்ணனை அவன் தாயாகப் பாடினான், தந்தையாகப் பாடினான், குருவாகப் பாடினான், வீட்டு வேலைக்கு வந்த சேவகனாகவும் பாடினான். அந்தச் சேவகன் யார், எந்த ஊர், மாதம் என்ன சம்பளம், பாரதி ஒழுங்காகக் கொடுத்தாரா என்று எந்த ஆராய்ச்சியாளராவது புதுச்சேரித் தெருவில் அலைந்தாரா? மாட்டார். வேலைக்காரனைக் கண்டுபிடித்து என்ன ருசி?

இத்தனைக்கும் இந்த வியாதிக்கு மருந்து கண்டவர்கள் நாம்தான். தொல்காப்பியர் அகத்திணைக்குச் சட்டமே போட்டார்: மக்களின் காதலைப் பாடும்போது இன்னார் என்று ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது. பெயர் சொன்னால் அது அகமே அல்ல. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பிரிந்த கணவனை நினைத்து ஒரு பெண் துடிக்கும் பாட்டு. ஆனால் பாசறையில் இருக்கும் வேலில் வேப்பம்பூ மாலை கட்டியிருக்கிறது என்று புலவர் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆள் இன்னான் என்று தெரிந்துவிட்டதே, இனி இது எப்படி அகமாகும் என்று நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் சேர்த்துவிட்டார். ஒரு பூவுக்கு அந்தத் தண்டனை!

அந்தச் சட்டம் கூச்சத்தால் போட்டதல்ல. பெயர் இல்லாவிட்டால்தான் அந்தத் துயரம் கேட்கிற எவருக்கும் சொந்தமாகும். ஒருத்தியின் பெயரை எழுதினால் மற்ற எல்லாப் பெண்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். குறுந்தொகைப் புலவர்கள் பலருக்குத் தங்கள் பெயர்கூட மிஞ்சவில்லை, பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்து அழைக்கிறோம். செம்புலப்பெயனீரார் யாரைக் காதலித்தார் என்று இரண்டாயிரம் வருஷமாகத் தெரியாததால் அந்தப் பாட்டுக்கு ஒரு மயிரிழை குறைந்ததா? பெயரை மறைப்பதை இலக்கணமாக்கிய மொழியில் பிறந்துவிட்டு, பெயரைத் தோண்டுவதை ரசனை என்று கூப்பிடுகிறோம். செம்மொழி அந்தஸ்துக்கு விழா எடுத்த கையோடு, அந்த மொழி கற்றுக்கொடுத்த மரியாதையைக் கழற்றி எறிந்தாகிவிட்டது.

வெள்ளைக்காரனும் யோக்கியன் இல்லை என்று திலகம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் அச்சானது 1609இல். அதில் வரும் கறுத்த பெண் யார் என்று இன்னும் ஆங்கிலேயன் தோண்டிக்கொண்டிருக்கிறான். அமெரிக்கப் பாடகி கார்லி சைமன் 1972இல் ஒரு தற்பெருமைக்காரனைக் கேலி செய்து பாட்டு எழுதினார். அவன் யார் என்று தேசமே முப்பது வருஷம் தூங்கவில்லை. 2003இல் அந்த அம்மாள் அந்த ரகசியத்தையே தர்ம காரியத்துக்கு ஏலம் விட்டார். டிக் எபர்சோல் என்ற தொலைக்காட்சி அதிகாரி 50,000 டாலருக்கு எடுத்தார், வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. 2015இல் ஒரு சரணம் மட்டும் வாரன் பேட்டியைப் பற்றியது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவரோ முழுப் பாட்டுமே தன்னைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேலியும் செய்தார். வம்புக்கு அங்கே விலையாவது உண்டு, விற்ற பணம் தர்மத்துக்காவது போகிறது. டெய்லர் ஸ்விப்ட் என்ற பாடகி 2023இல் பழைய பாட்டு ஒன்றைப் பாடுமுன், இதில் வருவது யார் என்று நீங்களே முடிவுகட்டி அந்த ஆளைப் போய்க் குதறாதீர்கள் என்கிற பொருளில் மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பாட்டு எழுதியவளே வந்து நாய்களைப் பிடித்துக் கட்டுங்கள் என்று கெஞ்சும் நிலை.

நமக்கு இந்தத் துறையில் வெளிநாட்டு உதவி தேவையில்லை. 1940களில் 'இந்துநேசன்' நடத்திய லட்சுமிகாந்தன் நடிகர் நடிகைகளின் படுக்கையறையை வாராவாரம் அச்சடித்து விற்றார். 1944இல் அவர் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போன பிறகே 1947இல் விடுதலையானார்கள். ஒரு மஞ்சள் பத்திரிகை எத்தனை பேரைக் காவு வாங்கும் என்பதற்கு அதற்கு மேல் பாடம் வேண்டியதில்லை. பாடம் கற்றோம்: பத்திரிகையை மூடிவிட்டு ஆளுக்கொரு இந்துநேசன் ஆகிவிட்டோம். லட்சுமிகாந்தனுக்காவது காகிதச் செலவு இருந்தது.

சரி, ஊரோடு ஒத்துப்போவோம். தடுக்க முடியாததை அரசே ஏற்று நடத்தலாம், டாஸ்மாக் மாதிரி. சுற்றுலாத் துறைக்கு என் பணிவான திட்டம் இது.

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு காதலி வீதம் ஒதுக்கீடு செய்யலாம். 'கவிஞர் மனமுடைந்த வளைவு 7, கார்கள் ஒலியெழுப்பவும்' என்று பலகை. லேடீஸ் சீட்டில் காதலி சிலை, ஜென்ட்ஸ் சீட்டில் காதலியின் கணவர் சிலை, சில்ரன்ஸ் சீட்டைப் பற்றித் திலகங்கள் கூடி முடிவெடுக்கட்டும். ஏரியில் படகுச் சவாரி: கவிஞர் கண்ணீர் விட்ட இடம் வரை பெரியவருக்கு ஒரு கட்டணம், யார் நினைப்பில் என்ற பெயரோடு வேண்டுமானால் இருமடங்கு. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்திலேயே வதந்திக் கண்காட்சி, சிறந்த கற்பனைக்குக் கலெக்டர் கையால் கோப்பை.

இனி எழுதப்படும் பாட்டுகளுக்கு ஒழுங்குமுறை விதி. பாட்டோடு காதலியின் ஆதார் நகல், காதல் முறிந்ததற்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று, சம்பந்தப்பட்ட அண்ணனின் ஆட்சேபமின்மைக் கடிதம், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இது எனக்கு நடந்ததுதான்' என்ற உறுதிமொழி. கற்பனையாக எழுதியவர் மூன்றாண்டு உள்ளே. கற்பனைக்கு ஜாமீன் கிடையாது.

சிரிப்பு போதும்.

இந்த விளையாட்டில் அடிபடுவது யார்? கவிஞர் அல்ல. அவருக்கு மன்மதன் பட்டம் கிடைக்கும். 'மனுசன் வாழ்ந்தான்யா' என்று தொடை தட்டுவார்கள். அடிபடுவது யாரோ ஒரு பெண். என்றைக்கோ அவரோடு ஒரு படத்தில் வேலை செய்திருப்பாள், ஒரு புகைப்படத்தில் பக்கத்தில் நின்றிருப்பாள், அவ்வளவுதான். அவள் பாடியது, ஆடியது, வீட்டைக் காப்பாற்றியது எல்லாம் போய், அந்தப் பாட்டில் வர்றது இவதானாம் என்று ஆகிவிடும். மறுத்தால், நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். பேசாமல் இருந்தால், பார்த்தாயா என்பார்கள். செத்துப்போனால் இன்னும் வசதி. கண்ணை மூடிய பிறகும் அவளை யாரோ ஒருவனின் பல்லவியில் கட்டிவைத்து, பேத்தி காதில் விழும்படி ஊரார் முணுமுணுப்பார்கள். இதற்குப் பெயர் இலக்கிய ரசனையாம்!

அதைவிடப் பச்சையான அயோக்கியத்தனம் ஒன்று உண்டு. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, பாடலாசிரியர் வைரமுத்து மீது பாலியல் புகார் சொன்னார். வேறு பெண்களும் சொன்னார்கள். வைரமுத்து மறுத்தார். உண்மை எது என்று சொல்ல வேண்டியது சட்டம், நான் அல்ல. என் பேச்சு ரசிகனைப் பற்றியது. ஒரு கவிஞனின் வாழ்க்கையில் இருந்த நிஜப் பெண் யார் என்று பாட்டுப் பாட்டாகக் குப்பையைக் கிளறிய அதே கூட்டம், ஒரு நிஜப் பெண், நிஜப் பெயரோடு, நிஜ முகத்தோடு வந்து பேசியதும் என்ன செய்தது? ஆதாரம் எங்கே என்றது. இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றது. கல்யாணத்துக்கு ஏன் கூப்பிட்டாய் என்றது. சிவகாமி கதைக்கு ஆதாரம் கேட்டீர்களா? அண்ணன் கதைக்குக் கேட்டீர்களா? மூன்றாம் மனிதன் ஐந்தாம் மனிதனிடம் சொன்னதைப் பத்தாம் மனிதனாக நின்று சத்தியம் செய்தீர்களே, அப்போது எங்கே போனது இந்த நீதி நியாயம்? அடுத்த மாதமே சந்தா கட்டவில்லை என்று சொல்லி டப்பிங் யூனியன் சின்மயியை நீக்கியது. அதைத் துப்பறிய ஒரு திலகமும் கிளம்பவில்லை. 2021இல் வைரமுத்துவுக்கு ஓ.என்.வி. விருது அறிவித்து, கேரளத்தில் எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் அவர் விருதை வேண்டாம் என்று விட்டார். கேள்வி கேட்டது பக்கத்து மாநிலம். இங்கே நாம் பழைய பாட்டில் மறைந்திருக்கும் மர்மப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆக, உங்களுக்கு வேண்டியது பேசாத பெண். பாட்டுக்குள் கிடக்கும் வரை அவள் அழகு, ரகசியம், தேவதை. வாயைத் திறந்தால் விளம்பரப் பைத்தியம்.

மெய்யாகவே உண்மைமேல் பசி இருந்தால் தேட வேண்டிய இடம் ஏற்காட்டுச் சாலையிலேயே இருந்தது. அந்த ஸ்டுடியோவில் எந்தப் பாட்டு எந்தக் கட்டத்துக்காக எழுதப்பட்டது, எத்தனை முறை அடித்துத் திருத்தப்பட்டது, யாருக்கு எவ்வளவு கூலி என்பதற்கெல்லாம் காகிதம் இருந்திருக்கும். டி.ஆர். சுந்தரம் 1963இல் போனார். பின்னால் கம்பெனி போனது, தளங்கள் போயின, நிலம் குடியிருப்பானது. நூறு படங்களுக்கு மேல் கொடுத்த இடத்தில் இன்று மிச்சம் ஒரு நுழைவு வளைவு. சாலையோரம் நிற்கிறது, ஜனங்கள் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கம் ஒரு அருங்காட்சியகம் வைத்துப் பாதுகாத்திருக்க வேண்டும், ரசிகன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. சாட்சியத்தை மனை போட்டு விற்கும்போது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வதந்தியை மட்டும் பொத்திப் பொத்திப் பாதுகாத்த ஜாதி நாம். கவிஞரின் கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டால் விழிப்போம். கவிஞரின் காதலி யார் என்றால் நாலு பேர் சொல்லுவோம், நாலும் வேறு வேறு.

பாட்டைக் கேட்டு ஒருவனுக்குத் தன் வாழ்க்கை ஞாபகம் வருவது பாட்டின் வெற்றி. தன் தம்பியை நினைத்து அழலாம், தான் கைவிட்டவளை நினைத்துத் தலைகுனியலாம். அதற்குத்தான் எழுதினார்கள். ஆனால் தன் பக்கம் திரும்பும் விரலை மடக்கி அடுத்தவன் பக்கம் நீட்டுவதற்குத்தான் இந்த ஆராய்ச்சி முழுக்க. இது அவர் அண்ணனைப் பற்றியது என்று சொல்லிவிட்டால், என் தம்பிக்கு நான் செய்ததைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இது யாரோ ஒரு நடிகை என்று முடிவுகட்டிவிட்டால், வீட்டில் இருப்பவள் ஏன் பத்து வருஷமாகப் பாடுவதில்லை என்று கேட்க வேண்டியதில்லை. சௌகரியமான ரசனை.

ஆகவே அடுத்த முறை பஸ்ஸிலோ பந்தியிலோ ஒரு திலகம் உங்கள் தோளைத் தட்டி, இது யாரை நினைத்து எழுதியது தெரியுமா என்று ஆரம்பித்தால், வாதாட வேண்டாம். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணா, அந்தப் பாட்டோட ரெண்டாவது சரணத்தைச் சொல்லுங்க, கேப்போம்." சொல்லத் தெரிந்தவராக இருந்தால் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தச் செலவு உங்களுக்கு வராது.